வெப் சர்வீஸ் கிளையன்ட் ஃபீல்டு நல் ஆக வருகிறதா? எங்கிருந்து தேடுவது

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கு உதவும். பெருங்குடியில் மருத்துவமனைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதும் குழுவில் இருக்கிறீர்கள். கேஷ்லெஸ் சிகிச்சைக்குக் காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதி கேட்க ஒரு சோப் (எக்ஸ்எம்எல் செய்திகளால் பேசும்) வெப் சர்வீஸ். அதன் கிளையன்டை வெப்சர்வீஸ்ரெஃப் அனோட்டேஷன் போட்டு சர்வ்லெட்டில் வைத்திருந்தவரை நன்றாக ஓடியது. சர்வ்லெட் நீளமாகிறது என்று அதே வரிகளை க்ளெய்ம்ஹெல்பர் என்ற தனி கிளாஸுக்கு நகர்த்தினீர்கள். அதன் பிறகு நல் பாயின்டர் எக்செப்ஷன், அதாவது ஃபீல்டில் ஒன்றுமே இல்லாமல் (நல்) அதை அழைத்ததால் வரும் பிழை. கம்பைல் ஆகிறது, டிப்ளாய் ஆகிறது, லாகில் ஒரு எச்சரிக்கைகூட இல்லை, அழைக்கும்போதுதான் விழுகிறது. ஸ்பிரிங் பூட் 3-க்கு மாற்றிப் பார்த்த இன்னொரு சின்ன மாட்யூலிலும் இதேபோல ஒரு ஃபீல்டு நல் ஆக இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே காரணம் இல்லை. ஆனால் இரண்டையும் பிடிக்க ஒரே இடத்தில் தொடங்கலாம்: அந்த ஆப்ஜெக்டை உருவாக்கியது யார்?

க்ளெய்ம்ஹெல்பரை நீங்களே சர்வ்லெட்டுக்குள் நியூ போட்டு உருவாக்கியிருப்பீர்கள். அங்கேதான் பிரச்சினை. வெப்சர்வீஸ்ரெஃப், ரிசோர்ஸ், இன்ஜெக்ட், ஆட்டோவயர்டு எல்லாமே வெறும் குறிப்புகள். அவை தாமாக எதையும் செய்யாது. ஆப்ஜெக்டை உருவாக்கும் கன்டெய்னர் அந்தக் குறிப்பைப் படித்து, உரிய பொருளைக் கொண்டுவந்து ஃபீல்டில் வைக்கிறது. பந்தியில் உட்கார்ந்தவருக்குத்தான் இலை போடுவார்கள். நியூ போட்டு உருவான ஆப்ஜெக்ட் மண்டபத்துக்கு வெளியே நிற்கிறது, அது வந்திருப்பதே பரிமாறுபவருக்குத் தெரியாது. ஜாவா மொழியைப் பொறுத்தவரை ஃபீல்டுக்கு மதிப்புத் தரவில்லை என்றால் நல். அதனால்தான் எந்தப் புகாரும் இல்லாமல் எல்லாம் கடந்துபோகிறது.

ஒரு ஜாவா இஇ அல்லது ஜகார்த்தா இஇ சர்வரில் கன்டெய்னர் உருவாக்கி நிரப்பித் தருபவை என்று பார்த்தால்: சர்வ்லெட், ஃபில்டர், லிசனர், இஜேபி, சிடிஐ பீன் (சிடிஐ என்பது இன்ஜெக்ட் செய்வதற்கான ஜகார்த்தா இஇ விதிமுறை, பீன் என்பது கன்டெய்னர் உருவாக்கிப் பராமரிக்கும் ஆப்ஜெக்ட்), வெப் சர்வீஸ் எண்ட்பாயின்ட் கிளாஸ். அப்ளிகேஷன் கிளையன்ட் கன்டெய்னரில் ஓடும் மெயின் கிளாஸிலும் உண்டு. ஆனால் அங்கே ஃபீல்டு ஸ்டாட்டிக் ஆக இருக்க வேண்டும், ஏனென்றால் மெயின் கிளாஸை யாரும் ஆப்ஜெக்டாக உருவாக்குவதில்லை. சாதாரணமாக ஜாவா கட்டளையால் ஓட்டும் மெயின் மெத்தடில் வெப்சர்வீஸ்ரெஃப் போட்டால் அதைப் படிக்க ஆளே இல்லை. தரமணி, சோழிங்கநல்லூர் பக்கம் இன்டர்வியூ என்றால் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷனுக்கு விளக்கம் கேட்காமல் விடமாட்டார்கள், எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். இந்த ஆப்ஜெக்டை யார் உருவாக்குகிறார்கள் என்று கேட்டுப் பழகியிருந்தால் பாதிப் பிழைகள் வரவே வராது என்பது என் எண்ணம்.

ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம். க்ளெய்ம்ஹெல்பருக்கு ஆர்க்யூமென்ட் இல்லாத ஒரு கன்ஸ்ட்ரக்டர் எழுதி, அதற்குள் ஒரு த்ரோவபிள் உருவாக்கி அதன் ஸ்டாக் ட்ரேஸை அச்சிடுங்கள். கன்ஸ்ட்ரக்டர் வரிக்கு நேர் கீழே உங்கள் சொந்த பேக்கேஜின் கிளாஸ் ஒன்று, உதாரணமாக சர்வ்லெட்டின் டூபோஸ்ட் மெத்தட், வந்தால் உருவாக்கியது நீங்கள்தான். கீழே ரிஃப்ளெக்‌ஷன் வரிகளும் அதற்கும் கீழே வெல்ட் (சிடிஐயைச் செயல்படுத்தும் லைப்ரரி) அல்லது ஸ்பிரிங்கின் பேக்கேஜ் பெயர்களும் வந்தால் உருவாக்கியது கன்டெய்னர். கன்ஸ்ட்ரக்டர் இரண்டு முறை அச்சாவதும் உண்டு: ஒன்று கன்டெய்னர் உருவாக்கியது, இன்னொன்று எங்கோ ஒரு மூலையில் யாரோ நியூ போட்டது. அந்த இரண்டாவதுதான் விழும். நல் வரும் இடத்தில் அந்த ஆப்ஜெக்டின் கிளாஸ் பெயரையும் அச்சிட்டுப் பாருங்கள். பெயரோடு வெல்ட்கிளையன்ட்ப்ராக்ஸி என்றோ ஸ்பிரிங்சிஜிலிப் என்றோ வால் ஒட்டியிருந்தால் உங்கள் கையில் இருப்பது கன்டெய்னர் கொடுத்த ப்ராக்ஸி, அதாவது உண்மையான ஆப்ஜெக்டுக்கு முன்னால் நிற்கும் பதிலி. வால் இல்லாவிட்டால் மட்டும் எந்த முடிவுக்கும் வராதீர்கள். ப்ராக்ஸி தேவைப்படாத பீன்களும் நிறைய உண்டு.

சரி, எப்படிச் சரிசெய்வது? க்ளெய்ம்ஹெல்பரை அப்ளிகேஷன்ஸ்கோப்டு பீனாக்கி, சர்வ்லெட்டில் நியூ போடும் வரியை எடுத்துவிட்டு, இன்ஜெக்ட் போட்டு வாங்குங்கள். சங்கிலியில் எங்கும் கண்ணி விடுபடக் கூடாது. சர்வ்லெட்டுக்கு ஹெல்பர் வேண்டும், ஹெல்பருக்கு ப்ரீ ஆத் (முன் அனுமதி) கிளையன்ட் வேண்டும், கிளையன்டுக்குப் போர்ட் (சர்வீஸின் மெத்தட்களை அழைக்க உதவும் ஆப்ஜெக்ட்) வேண்டும் என்றால் நடுவில் ஒரே ஒருவர் நியூ போட்டாலும் அதற்குக் கீழே உள்ள அத்தனையும் நல்.

வெப்சர்வீஸ்ரெஃபை ஹெல்பருக்குள் வைக்காமல், தனியாக ஒரு சின்ன கிளாஸில் ப்ரொட்யூஸர் ஃபீல்டாக வைப்பது இன்னும் நல்லது. ப்ரொட்யூசஸ் அனோட்டேஷனையும் வெப்சர்வீஸ்ரெஃபையும் ஒரே ஃபீல்டின் மேல் போடலாம், சிடிஐ விதிமுறையிலேயே அதற்கு இடம் உண்டு. அதன்பின் ஹெல்பர் தன் கன்ஸ்ட்ரக்டரில் போர்ட்டை ஆர்க்யூமென்டாக வாங்கிக்கொள்ளும். நான் எப்போதும் கன்ஸ்ட்ரக்டர் வழியைத்தான் சொல்வேன். போர்ட் இல்லாமல் ஹெல்பரை உருவாக்கவே முடியாது, ஆகவே நல் என்ற நிலைமையே வராது. யூனிட் டெஸ்டில் போலி போர்ட்டை நேராகக் கொடுத்துவிடலாம். ஒரு விஷயம் மட்டும்: அப்ளிகேஷன்ஸ்கோப்டு பீனுக்கு ப்ராக்ஸி தேவை, அதனால் ஆர்க்யூமென்ட் இல்லாத ஒரு கன்ஸ்ட்ரக்டரையும், ப்ரொடெக்டட் ஆகவாவது, கூடவே வைத்துவிடுங்கள்.

அனோட்டேஷனையே சரியாக எழுதினீர்களா என்பதையும் பாருங்கள். ஃபீல்டின் டைப் டபிள்யூஎஸ்இம்போர்ட் (சர்வீஸின் விவரத்தைப் படித்து ஜாவா கிளாஸ்கள் எழுதித் தரும் கருவி) உருவாக்கிய சர்வீஸ் கிளாஸ் என்றால் வெறும் வெப்சர்வீஸ்ரெஃப் போதும். டைப் போர்ட் இன்டர்ஃபேஸ் என்றால், அது எந்த சர்வீஸ் கிளாஸைச் சேர்ந்தது என்பதை வேல்யூ பகுதியில் தர வேண்டும்.

ஹெல்பர் கன்டெய்னர் உருவாக்கியதுதான், ஆனாலும் நல் என்றால் அடுத்து கன்ஸ்ட்ரக்டரைப் பாருங்கள். ஃபீல்டு இன்ஜெக்‌ஷன் நடப்பது கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகு. கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே போர்ட்டைத் தொட்டு எண்ட்பாயின்ட் முகவரி வைக்கப் பார்த்தால் நல்தான். அந்த வேலையை போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் மெத்தடுக்கு நகர்த்துங்கள்.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் ஹேண்ட்லர், அதாவது போகும் வரும் செய்திகளை இடைமறிக்கும் கிளாஸ். காப்பீட்டு நிறுவனங்களின் சோப் சர்வீஸில் பெரும்பாலும் பாதுகாப்பு ஹெடரில் பயனர் பெயர், கடவுச்சொல் கேட்பார்கள். அதற்கு ஒரு சோப் ஹேண்ட்லர் எழுதி, கடவுச்சொல் எடுத்துத் தரும் பீனை அதற்குள் இன்ஜெக்ட் போட்டு வைப்பார்கள். அது நல் ஆக வரும், ஆள் குழம்பிப்போவார். ஏனென்றால் கிளையன்ட் பக்கத்தில் ஹேண்ட்லரை உருவாக்குவது சிடிஐ அல்ல. ஹேண்ட்லர்ரிசால்வரில் நீங்களே நியூ போட்டிருப்பீர்கள், இல்லையென்றால் ஹேண்ட்லர்செயின் ஃபைலில் உள்ள கிளாஸ் பெயரைப் படித்து வெப் சர்வீஸ் ரன்டைம் உருவாக்கியிருக்கும். சில சர்வர்கள் அங்கேயும் நிரப்பித் தருகின்றன, சில தருவதில்லை. அதை நம்பிக் கோடு எழுதாதீர்கள். ஹேண்ட்லரையே ஒரு பீனாக்குங்கள். போர்ட்டை உருவாக்கும் இடத்தில் அந்தப் பீனை இன்ஜெக்ட் செய்து வாங்கி, போர்ட்டின் பைண்டிங்கில் ஹேண்ட்லர் பட்டியலாக வையுங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: கெட்ஹேண்ட்லர்செயின் தருவது பட்டியலின் நகல். அதில் சேர்த்துவிட்டு சும்மா இருந்தால் எதுவும் மாறாது. சேர்த்த பட்டியலை செட்ஹேண்ட்லர்செயின் மூலம் திரும்பக் கொடுக்க வேண்டும்.

ரெஸ்ட் கிளையன்டிலும் இதே கதைதான். கிளையன்ட்ரிக்வெஸ்ட்ஃபில்டரை ரெஜிஸ்டர் செய்யும்போது நியூ போட்ட ஆப்ஜெக்டைக் கொடுத்தால் அதற்குள் இன்ஜெக்ட் வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. கன்டெய்னர் கொடுத்த ஃபில்டர் பீனையே ரெஜிஸ்டர் செய்யுங்கள். எந்த வழியும் இல்லாத பழைய லைப்ரரி என்றால் சிடிஐ கரன்ட் என்று கூப்பிட்டு பீனை நேரடியாக எடுக்கலாம், சிடிஐ 1.1 முதல் அது இருக்கிறது. அது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

இனி இரண்டாவது கேள்வி, ஸ்பிரிங் பூட் 3 மாட்யூல். அங்கே ஆப்ஜெக்டை உருவாக்குவது ஸ்பிரிங்தான், அதில் சந்தேகமில்லை. குறிப்பு அதன் கண்ணில் படவில்லை, அதுதான் கோளாறு. ஜகார்த்தா இஇ 9 வந்தபோது, 2020-ல், ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறின. 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3 அந்தப் புதிய பெயர்களைத்தான் அடிப்படையாகக் கொண்டது. ஸ்பிரிங் 5 வரை பழைய வெப்சர்வீஸ்ரெஃபைத் தானே பார்த்து நிரப்பியது; ஸ்பிரிங் 6 அதைக் கண்டுகொள்வதில்லை. உங்கள் கிளாஸில் பழைய பேக்கேஜின் வெப்சர்வீஸ்ரெஃப் இருந்து, பழைய ஜாரும் க்ளாஸ்பாத்தில் இருந்தால் கம்பைல் ஆகிவிடும். ஃபீல்டு அப்படியே நல் ஆக நிற்கும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. ஒரு அனோட்டேஷனின் கிளாஸ் ஃபைலே ரன்டைமில் இல்லாவிட்டால் ஜாவா எந்தத் தவறும் காட்டாது. சாதாரண கிளாஸ் காணவில்லை என்றால் கிளாஸ் நாட் ஃபவுண்ட், நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் என்று ஏதாவது ஒன்று வரும். அனோட்டேஷன் காணவில்லை என்றால் அது எழுதப்படவே இல்லை என்பதுபோல ரிஃப்ளெக்‌ஷன் கடந்துபோகும். மேவனில் ப்ரொவைடட் என்று குறித்த ஜார் சர்வரில் இல்லாமல் போனால் இப்படித்தான் ஆகும். லாக் சுத்தமாக இருக்கிறது, ஃபீல்டு மட்டும் நல் என்றால் எனக்கு முதலில் இங்கேதான் சந்தேகம் போகும்.

ஜேடிகே 8-லிருந்து வருகிறீர்கள் என்றால் கூடவே இன்னொன்று. சோப் கிளையன்டுக்கு வேண்டிய ஜாக்ஸ்-டபிள்யூஎஸ், ஜாக்ஸ்பி இரண்டும் ஜேடிகேயோடு சேர்ந்தே வந்தன. 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11-ல் அவற்றை எடுத்துவிட்டார்கள். ரிசோர்ஸ், போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் அனோட்டேஷன்களும் அவற்றோடு போய்விட்டன. ஏபிஐ ஜாரை மட்டும் சேர்த்தால் கம்பைல் ஆகும், ஓடும்போது ப்ரொவைடர்இம்ப்ல் கிடைக்கவில்லை என்று விழும். ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸைச் செயல்படுத்தும் மெட்ரோவின் ரன்டைமோ சிஎக்ஸ்எஃப்போ ஏதாவது ஒன்று கூடவே வேண்டும். மெட்ரோவுக்கு டைம்அவுட் வைக்கும் ப்ராப்பர்ட்டி பெயரில் ஜேடிகேக்குள் இருந்தபோது நடுவில் இன்டர்னல் என்ற சொல் இருக்கும், வெளியே வந்த மெட்ரோவில் அது கிடையாது. பழைய பெயரை வைத்தே விட்டால் அது சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படும், டைம்அவுட் இல்லாமல் த்ரெட்கள் தொங்கும்.

பெயர் மாற்றும்போது எல்லா ஜாவாஎக்ஸையும் கண்ணை மூடிக்கொண்டு ரீப்ளேஸ் செய்யாதீர்கள். ஜாவாஎக்ஸ் டாட் எஸ்கியூஎல், நேமிங், கிரிப்டோ போன்றவை ஜேடிகேயைச் சேர்ந்தவை, மாறவில்லை. சோப் கிளையன்டில் இது நேராகக் கண்ணில் படும்: சர்வீஸ் கிளாஸின் இம்போர்ட் ஜகார்த்தாவுக்கு மாறும், அதற்கு அடுத்த வரியிலேயே இருக்கும் கியூநேம் ஜாவாஎக்ஸ் டாட் எக்ஸ்எம்எல் டாட் நேம்ஸ்பேஸில்தான் இருக்கும். அப்புறம், உங்கள் சோர்ஸ் ஃபோல்டரை மட்டும் தேடி எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். டார்கெட் ஃபோல்டரில் டபிள்யூஎஸ்இம்போர்ட் ப்ளகின் உருவாக்கும் கிளாஸ்களையும் திறந்து பாருங்கள். ப்ளகின் பழைய வெர்ஷன் என்றால் ஒவ்வொரு பில்டிலும் பழைய பெயரிலேயே எழுதித் தரும்.

ஸ்பிரிங்கில் எனக்குப் பிடித்த வழி வெப்சர்வீஸ்ரெஃபை விட்டுவிட்டு, கான்ஃபிகரேஷன் கிளாஸில் பீன் மெத்தட் ஒன்று எழுதி அதிலேயே போர்ட்டை உருவாக்குவது. எது எங்கே உருவாகிறது என்பது ஒரே இடத்தில் தெரியும். ஸ்பிரிங்கிலேயே நல் வரும் மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாட்டிக் ஃபீல்டில் ஆட்டோவயர்டு போட்டால் நிரப்பாது. ஸ்டாட்டிக் ஃபீல்டுக்கு ஆதரவு இல்லை என்று இன்ஃபோ லெவலில் ஒரு வரி மட்டும் லாகில் வரும். புரொடக்‌ஷனில் வார்ன் லெவல் வைத்திருந்தால் அந்த வரியும் கிடையாது. இன்னொன்று ஃபைனல் மெத்தட். ட்ரான்ஸாக்‌ஷனலோ அசிங்கோ போட்ட கிளாஸை ஸ்பிரிங் சிஜிலிப் ப்ராக்ஸியால் சுற்றும். ப்ராக்ஸி உங்கள் கிளாஸின் சப்கிளாஸ். ஃபைனல் மெத்தடை அதனால் ஓவர்ரைட் செய்ய முடியாது. ஆகவே அந்த அழைப்பு உண்மையான ஆப்ஜெக்டுக்குப் போகாமல் ப்ராக்ஸியின் மேலேயே ஓடும். ப்ராக்ஸியின் ஃபீல்டுகளை யாரும் நிரப்பியிருக்க மாட்டார்கள். அதே கிளாஸில் மற்ற மெத்தட்கள் நன்றாக ஓடி, ஒரே ஒரு மெத்தடில் மட்டும் நல் வந்தால் அதன் தலையில் ஃபைனல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்பிரிங் டபிள்யூஎஸ்ஸின் வெப்சர்வீஸ்டெம்ப்ளேட் பயன்படுத்துபவர்களுக்கு நோ மார்ஷலர் ரெஜிஸ்டர்டு என்ற செய்தி பழக்கமாக இருக்கும் (மார்ஷலர் என்பது ஆப்ஜெக்டை எக்ஸ்எம்எல்லாக மாற்றுவது). வெப்சர்வீஸ்கேட்வேசப்போர்ட்டை எக்ஸ்டெண்ட் செய்த கிளாஸின் மேல் காம்பொனன்ட் என்று போட்டால் பீன் உருவாகும், ஆனால் மார்ஷலரை யாரும் அதற்குள் வைக்க மாட்டார்கள். பீன் மெத்தடில் உருவாக்கி, செட்மார்ஷலர், செட்அன்மார்ஷலர் இரண்டையும் அழையுங்கள். செட்அன்மார்ஷலரை மறந்தால் கோரிக்கை போகும், பதிலைப் படிக்கும்போது விழும்.

சிடிஐ பக்கம் வெல்ட் 001408 என்ற எண்ணோடு அன்சாட்டிஸ்ஃபைடு டிபென்டன்சி வந்தால் அது நல்ல செய்தி என்றே சொல்வேன். டிப்ளாய் ஆகும்போதே நின்றுவிட்டது, நோயாளி டிஸ்சார்ஜ் கவுண்டரில் காத்திருக்கும்போது அல்ல. கேட்ட டைப்பில் பீன் கிடைக்கவில்லை என்பது அதன் பொருள். மைக்ரோப்ரொஃபைல் ரெஸ்ட் கிளையன்ட் என்றால் இன்ஜெக்டோடு ரெஸ்ட்கிளையன்ட் குவாலிஃபையரும் சேர்த்துப் போட்டீர்களா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் விட்டுப்போயிருக்கும். அடுத்து பீன்ஸ் டாட் எக்ஸ்எம்எல். அந்த ஃபைல் காலியாக இருந்தால் முன்பு ஜாரில் உள்ள எல்லா கிளாஸ்களும் பீன்களாக எடுத்துக்கொள்ளப்பட்டன. ஜகார்த்தா இஇ 10-ல் உள்ள சிடிஐ 4.0-ல் காலி ஃபைல் என்றால் ஸ்கோப் போன்ற அனோட்டேஷன் உள்ளவை மட்டும்தான். சர்வரை மட்டும் மேம்படுத்தினோம், கோடைத் தொடவே இல்லை, ஆனாலும் பீன் காணோம் என்பவர்கள் இதைத்தான் பார்க்க வேண்டும். பழைய வெப் டாட் எக்ஸ்எம்எல்லில் மெட்டாடேட்டா கம்ப்ளீட் என்பது ட்ரூ ஆக இருந்தால் சர்வ்லெட்டின் அனோட்டேஷன்களைக் கன்டெய்னர் படிக்காமல் விட்டுவிடும், அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நல் வகை. இன்னொரு வகை, இன்ஜெக்‌ஷன் தவறு போலத் தெரியும், உண்மையில் நெட்வொர்க் தவறு. உங்கள் குழுவுக்கு அடுத்து வரப்போவது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அதனால் விரிவாகச் சொல்கிறேன். பெருங்குடி அலுவலகத்தில் ஓடும், மருத்துவமனையின் சர்வரில் வைத்தால் அப்ளிகேஷனே எழாது. லாகின் மேல் வரியில் பீன் க்ரியேஷன் எக்செப்ஷன், அன்சாட்டிஸ்ஃபைடு டிபென்டன்சி என்று இருக்கும். உடனே அனோட்டேஷன்களை மாற்றத் தொடங்கிவிடுவார்கள். மேல் வரியை விட்டுவிடுங்கள். காஸ்டு பை, காஸ்டு பை என்று கீழே போய்க் கடைசி ஒன்றைப் படியுங்கள். ஃபெயில்டு டு ஆக்சஸ் தி டபிள்யூஎஸ்டிஎல் என்று ஒரு முகவரியோடு இருக்கும். டபிள்யூஎஸ்டிஎல் என்பது சர்வீஸை விவரிக்கும் எக்ஸ்எம்எல் ஃபைல்.

காரணம் இதுதான்: டபிள்யூஎஸ்இம்போர்ட் உருவாக்கிய சர்வீஸ் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர், உருவாகும் அந்த நொடியிலேயே டபிள்யூஎஸ்டிஎல்லைப் படிக்கப் போகிறது. கிளாஸை உருவாக்கியபோது எந்த முகவரி கொடுத்தீர்களோ அதே முகவரி உள்ளே பதிந்திருக்கும். உங்கள் மடிக்கணினியின் டிஸ்க் பாத் பதிந்திருப்பதும் சகஜம். மருத்துவமனை சர்வரிலிருந்து அந்த முகவரிக்கு ஃபயர்வால் வழி விடாவிட்டாலோ, சான்றிதழ் ட்ரஸ்ட்ஸ்டோரில் இல்லாவிட்டாலோ சர்வீஸ் ஆப்ஜெக்ட் பிறக்காது. அதை நம்பியிருக்கும் பீன்கள் வரிசையாக விழும். காப்பீட்டு நிறுவனத்தின் சர்வர் பராமரிப்புக்காக ராத்திரி நின்றிருக்கும்போது நீங்கள் ரீஸ்டார்ட் செய்தாலும் இதேதான். பில்லிங் முழுவதும் எழாமல் நிற்கும்.

டபிள்யூஎஸ்டிஎல்லையும் அது இம்போர்ட் செய்யும் எக்ஸ்எஸ்டி ஃபைல்களையும் வார் ஃபைலுக்குள் வெப்இன்ஃப் கீழே வைத்து, டபிள்யூஎஸ்டிஎல்லொகேஷனை அங்கே காட்டுங்கள். எக்ஸ்எஸ்டி இம்போர்ட் முழு இணைய முகவரியாக இருந்தால் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்-கேட்டலாக் என்ற எக்ஸ்எம்எல் ஃபைலில் அந்த முகவரிக்குப் பதில் உள்ளூர் ஃபைலைக் காட்டலாம். இதைச் செய்த பிறகு ஒரு வேலையை மட்டும் மறக்கவே கூடாது. டபிள்யூஎஸ்டிஎல்லின் கடைசியில் சோப் அட்ரஸ் என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் நகல் எடுத்தது யுஏடி (சோதனை) சர்வரிலிருந்து என்றால் அதில் யுஏடி முகவரிதான் இருக்கும். அப்படியே விட்டால் நேரடி நோயாளியின் முன் அனுமதிக் கோரிக்கை சோதனைச் சர்வருக்குப் போய், அங்கிருந்து அனுமதி என்று பதிலும் வரும். எந்த எக்செப்ஷனும் வராது. அதனால் எண்ட்பாயின்ட் முகவரியை பைண்டிங்ப்ரொவைடரின் ரிக்வெஸ்ட் கான்டெக்ஸ்டில் கான்ஃபிகரேஷனிலிருந்து எடுத்து வையுங்கள். அந்த கான்ஃபிகரேஷன் காலியாக இருந்தால் அப்ளிகேஷன் எழாமல் நிற்கும்படி போஸ்ட்கன்ஸ்ட்ரக்டிலேயே சோதியுங்கள். எழுந்ததும் எந்த முகவரிக்குப் பேசப்போகிறோம் என்பதை ஒரு வரி லாகில் எழுதுங்கள்.

அங்கேயே நிற்கும் இன்னொரு ஆபத்து, ஒரே போர்ட்டைப் பல த்ரெட்கள் பகிர்வது. சிங்கிள்டன் பீனுக்குள் ஒரு போர்ட், அழைப்புக்கு அழைப்பு அந்த மருத்துவமனைக்குரிய பயனர் பெயரை ரிக்வெஸ்ட் கான்டெக்ஸ்டில் மாற்றுவது என்று எழுதியிருந்தால், கூட்டம் அதிகமான நேரத்தில் ஒருவர் பெயரில் இன்னொருவரின் கோரிக்கை போகும். ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் விதிமுறை போர்ட் ப்ராக்ஸி த்ரெட் சேஃப் என்று எங்கும் உறுதி தரவில்லை. சிஎக்ஸ்எஃப்பில் ரிக்வெஸ்ட் கான்டெக்ஸ்டைத் த்ரெட்டுக்குத் தனியாக்க த்ரெட் லோக்கல் ரிக்வெஸ்ட் கான்டெக்ஸ்ட் என்ற ப்ராப்பர்ட்டி உண்டு. ஆனால் அது அந்த லைப்ரரிக்கு மட்டும் உரியது. முகவரி, டைம்அவுட், பயனர் பெயர் எல்லாவற்றையும் உருவாக்கும்போதே வைத்து, பிறகு தொடாமல் விடுவது பாதுகாப்பானது. மருத்துவமனைக்கு ஒரு பயனர் பெயர் என்றால் மருத்துவமனைக்கு ஒரு போர்ட். உருவாக்கச் செலவு அதிகம், அதனால் மேப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அழைப்புக்கு ஒன்று உருவாக்காதீர்கள்.

ஒரே இன்டர்ஃபேஸுக்கு இப்படி இரண்டு போர்ட் பீன்கள் வந்ததும் வெல்ட் 001409, ஆம்பிகுவஸ் டிபென்டன்சி. ஸ்பிரிங்கில் நோ யூனிக் பீன் டெஃபனிஷன். குவாலிஃபையர் போடுங்கள், பெயர்ப் பொருத்தத்தை நம்பாதீர்கள். ஸ்பிரிங் ஆர்க்யூமென்டின் பெயரையும் பீனின் பெயரையும் ஒப்பிட்டுத் தானே தேர்ந்தெடுக்கும்; ஆனால் ஸ்பிரிங் 6.1 முதல் அதற்குக் கம்பைலரில் பாராமீட்டர்ஸ் கொடி கட்டாயம். மேவன் பில்டில் ஓடி, வேறு ஐடிஇயில் ஓட்டினால் விழுகிறது என்றால் அந்தக் கொடிதான்.

அசிங்க் அழைப்புகளில் ஒன்று. கம்ப்ளீட்டபிள்ஃப்யூச்சரில் சர்வீஸை அழைத்து, உள்ளே ரிக்வெஸ்ட்ஸ்கோப்டு பீனைத் தொட்டால் வெல்ட் 001303 வரும், அந்த ஸ்கோப்புக்கு இயங்கும் கான்டெக்ஸ்ட் இல்லை என்று. பீன் இருக்கிறது, ஆனால் புதிய த்ரெட்டில் ரிக்வெஸ்ட் இல்லை. வேண்டிய மதிப்புகளை முதலிலேயே எடுத்து லோக்கல் வேரியபிளில் வைத்து உள்ளே அனுப்பிவிடுங்கள்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது: க்ளெய்ம்ஹெல்பரில் நியூ போடும் வரியை எடுங்கள், ஸ்பிரிங் மாட்யூலில் வெப்சர்வீஸ்ரெஃபின் இம்போர்ட் வரியைப் பாருங்கள். அப்படியும் தீரவில்லை என்றால் சர்வரின் பெயரும் வெர்ஷனும், கன்ஸ்ட்ரக்டரில் அச்சிட்ட ஸ்டாக் ட்ரேஸும், மேவன் டிபென்டன்சி ட்ரீயின் வெளியீடும் அனுப்புங்கள். அனுப்பும் முன் லாகில் நோயாளிகளின் பெயரும் பாலிசி எண்ணும் இருந்தால் அழித்துவிடுங்கள்.